எப்போது வேண்டுமானாலும்

"பிளக்கைப் பிடுங்கு" என்றாள் வெந்துலா.
"எப்போது என்று மட்டும் சொல்லாதே."

மே மாதக் கடைசி. ப்ர்னோ நகரில்
மாணவர் விடுதியின் நான்காம் மாடி.
கீழே வளைவில் திரும்பும் டிராம்
பல்லை நறநறக்கும்.
இரண்டு கட்டில், ஒரு மேசை, மேசைக்கடியில்
நானூறு கொருனாவுக்கு வாங்கிய
மூடியில்லாக் கணினி.
அதில் ஓர் இயங்குதளம். யாருக்கும் சொந்தமில்லை,
ஆகவே எங்கெங்கோ இருக்கும் முந்நூறு பேருக்குச் சொந்தம்.
ஒரு வகை வட்டைப் படிக்கத் தெரியும் அதற்கு,
எழுதத் தெரியாது.
எழுத வைப்பது
இந்தக் கோடைக்கு அவள் ஏற்ற வேலை.

எனக்கு இதில் என்ன தெரியும்?
கால்நடை மருத்துவம், மூன்றாம் ஆண்டு.
பசுவின் இரைப்பையைக் கேள், அறை அறையாகச் சொல்கிறேன்.
அவளுக்கு வேண்டியதும் அதுதான்,
ஒன்றும் தெரியாத ஒரு கை.
தெரிந்தவள் பிடுங்கினால்
ஆபத்தில்லாத நொடியைத்
தன்னையறியாமல் தேர்ந்துவிடுவாளாம்.
மின்சாரம் போகும்போது
தாட்சண்யம் பார்ப்பதில்லை.

பூண்டு உரித்த கையோடு பிடுங்கினேன்.
குளித்த ஈரத்தோடு வந்து பிடுங்கித்
திட்டு வாங்கினேன்.
அம்மாவிடம் தொலைபேசியில் பேசிக்கொண்டே
கால்விரலால் ஒரு முறை.
ஒவ்வொன்றுக்கும் ஓட்ஸ் பொட்டலத்தின் முதுகில்
பென்சிலால் ஒரு கோடு.

முதல் வாரம் பிணங்கள்தாம்.
தலை மட்டும் எழுதிய கோப்பு,
வால் மட்டும் மிஞ்சிய கோப்பு,
ஒரே இடத்தில் இரண்டு படுத்து
இரண்டும் செத்தது.
முப்பத்தேழாம் கோட்டில் ஓர் அடைவு
தன்னைத் தானே பெற்றதாகச் சொன்னது.
சிரித்தாள். மறுநாளும் அதுவே சொன்னபோது
சிரிக்கவில்லை.

"செய்யும் முன் 'இதைச் செய்யப்போகிறேன்' என்று
ஓரத்தில் எழுதிவைக்க வேண்டும்.
முடித்ததும் அந்த வரியை அடிக்க வேண்டும்.
நடுவில் உயிர் போனால், எழுந்ததும்
முதலில் அந்த ஓரத்தைப் படிக்கும்."
மயக்க ஊசிக்கு முன் நாங்கள் அட்டையில் எழுதுவோமே,
அது போலவா என்றேன்.
"அதேதான். ஆனால் எழுதியாயிற்றா என்று
வட்டைக் கேட்டால்
பொய் சொல்கிறது."

ஆம், வட்டு பொய் சொல்லும்.
ஆயிற்று ஆயிற்று என்னும்;
எல்லாம் இன்னும் உள்ளங்கையில் இருக்கும்.
கடன் வாங்கியவன் 'அனுப்பிவிட்டேன்' என்பது போல.
ஜூன் முழுக்க அந்த ஒரு பொய்யோடு
மல்லுக்கட்டினாள்.

பெயர் தொலைத்தவை தனியாக ஓர் அடைவில் சேரும்,
வெறும் எண்ணோடு.
நகராட்சி வண்டி எங்களிடம் இறக்கிவிடும் நாய்கள் போல.
உடம்பு முழுசாக இருக்கும்,
கூப்பிட ஒன்றும் இருக்காது.
11873 என்பதைத் திறந்தாள்.
சோதனைக்காக என் சீட்டை உள்ளே போட்டிருந்தாளாம்:
'பால். ரொட்டி. உன் பங்கு வாடகை.'
"இது மட்டும் பிழைத்துவிடுகிறது பார்" என்றாள்.

இருநூற்றுப் பதினான்காம் கோடு.
வாயில் பல்துலக்கியோடு குளியலறையிலிருந்து ஓடிவந்தாள்.
இரண்டு வரிகள் இடம் மாறியிருந்தன.
அடிக்கும் வரி முன்னே,
செய்யும் வரி பின்னே.
மூன்று வாரம். இரண்டு வரி.
விசைப்பலகை மேல் பற்பசை நுரை.

அதன்பின் நான் எப்படிப் பிடுங்கினாலும்
எழுந்தது. ஓரத்தைப் படித்தது. விட்டதைச் செய்தது.
எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

ஆகஸ்டில் அனுப்பினாள்.
உருகுவேயிலிருந்து யாரோ பதில் எழுதினார்:
ஒரு வரியின் கடைசியில் வெற்றிடம் ஒன்று அதிகம்,
அதை எடுத்துவிடவும், மற்றபடி சேர்த்துக்கொள்கிறோம்.
எடுத்தாள்.
காலணியோடு கட்டிலில் விழுந்து
பதினான்கு மணி நேரம் தூங்கினாள்.

நடு இரவில் தண்ணீர் குடிக்க எழுந்தேன்.
மேசைக்கடியில் மின்விசிறி முனகிக்கொண்டிருந்தது.
குனிந்தேன், பிடுங்கினேன்.
இருட்டு. டிராம்கூட இல்லை.
மறுபடி செருகினேன்;
ஒன்றும் நடவாதது போல் வந்து நின்றது.
ஓட்ஸ் தீர்ந்து பொட்டலம்
எப்போதோ குப்பைக்குப் போயிருந்தது.
அந்தக் கோட்டை
நான் எங்கும் போடவில்லை.